நூற்று நாற்பது ரீப்பர்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். உன் இருமல் நின்றதா? போனில் கேட்டால் "வேலையில இருக்கேன்க்கா" என்பதைத் தவிர உன் வாயிலிருந்து வேறொன்றும் வருவதில்லை. அப்பாவுக்கோ போனில் பேசினால் காது கேட்பதில்லை. கடிதமென்றால் வாசித்துக் காட்டலாம். பிறகு தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு எடுத்து எடுத்துப் பார்ப்பார். அதனால் சோம்பல் படாமல் பதில் எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தபோது நடு அறை சீலிங்கிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து போர்வை மேல் விழுந்தது. நல்ல வேளை, தலையில் விழவில்லை. வாசல் பக்கச் சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு பொருமிக்கொண்டு நிற்பதால் ஒரு கொத்தனாரை வரச் சொல்லியிருந்தேன். அவர் நடு அறைக்கும் வந்து ஒரு கம்பால் சீலிங்கை இஞ்ச் இஞ்சாகத் தட்டிப் பார்த்தார். "காலியா கேக்குது பாருங்க. முக்காவாசி பிடி விட்டுப்போச்சு. உடைச்சிட்டுப் புதுசாத்தான் போடணும். அதுவரைக்கும் பெரியவரை இங்க படுக்க வைக்காதீங்க" என்றார்.

காது கேட்காத மனிதருக்கு இது மட்டும் எப்படிக் கேட்டதோ. "அது என் பையன் போட்ட சீலிங். அவன் சொல்லாம எவனும் கரண்டி வைக்கக் கூடாது" என்று ஒரே பிடி. கட்டிலை என் தையல் மெஷின் அறைக்கு மாற்றுகிறேன் என்றேன். அதற்கும் மாட்டாராம். தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டு படுத்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிடிவாதம் பிடிக்க இடுப்பு தேவையில்லை போலிருக்கிறது.

நீ ஒரே ஒரு வார்த்தை எழுது, "உடைக்கட்டும்" என்று. நீ சொன்னால்தான் கேட்பார். அவர் படுத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வேலை ஓடவில்லை.

அப்பா சொல்லி நான் எழுதுவது: "சீலிங் நல்லா இருக்குன்னு அவனுக்கு எழுது." எழுதிவிட்டேன்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இருமல் போய்விட்டது, தூசி போகவில்லை. அப்பாவின் உடம்பும் உன் கண்வலியும் எப்படி இருக்கின்றன?

இங்கே ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் வேலை. மேலே கம்பி கட்டித் தொங்கவிட்டு, அதில் சட்டம் மாட்டி, சட்டத்தில் பலகை வைக்க வேண்டும். நாள் முழுக்க அண்ணாந்தே நிற்பதால் சாப்பிடும்போதுகூடத் தட்டைக் குனிந்து பார்க்கக் கழுத்து மறுக்கிறது. நீ பார்த்தால் சிரிப்பாய்.

சீலிங் பற்றிக் கவலைப்படாதே. கொத்தனார்கள் எதைத் தட்டினாலும் உடைக்கத்தான் சொல்வார்கள். மேல் பூச்சு மட்டும் உரிந்திருக்கும். அப்பா கைப்பட அறுத்த புது ரீப்பர் கட்டை நூற்று நாற்பதையும் வரிசையாக அடித்து, அதன் மேல் காரை பூசிச் செய்த வேலை அது. அவ்வளவு சுலபத்தில் விழாது. விழுந்த இடத்தை மட்டும் பூசச் சொல். மே மாதம் வந்து நானே பார்க்கிறேன்.

அப்பாவுக்கு என் அன்பு.

உன்,
தம்பி

*

பிப்ரவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. என் கண்வலியை நினைவு வைத்துக் கேட்டாயே, அதிலேயே பாதி குணம்.

கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தேன். ரீப்பர் என்று நீ எழுதிய வரியை இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசல் சுவர் வேலை தொடங்கிவிட்டது. பொருமிய பூச்சையெல்லாம் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, கழுவி, நனைத்து, ஊறப்போட்ட சுண்ணாம்பில் முதல் பூச்சு பூசியிருக்கிறார். வீடெங்கும் வெள்ளைத் தூசி. நான் இருபது வயது கூடித் தெரிகிறேனாம், கொத்தனார் சொல்கிறார். அவர் பிழைத்துப் போகட்டும்.

சீலிங்குக்கு வருகிறேன். கொத்தனார் உள்ளங்கையால் அதை மேலே அழுத்தினார். ஒரு விரல் அளவு மேலே போய், கையை எடுத்ததும் கீழே வந்தது. மூச்சு விடுவது மாதிரி இருந்தது. அவர் சொன்னது: "ரீப்பர் கட்டைக்கு நடுவுல இடைவெளி விட்டிருப்பாங்க. காரை அதுல புகுந்து மேல மடிஞ்சு பிடிச்சுக்கணும். புதுக் கட்டைன்னா இப்படி ஆடாதும்மா. கட்டையே உளுத்திருக்கு." சீலிங்குக்கு மேலே இருக்கும் பரணில் ஏறிப் பார்க்கலாமென்றால், பரண் சாவி எப்போதோ தொலைந்துவிட்டது என்கிறார் அப்பா.

விரிசல் இன்னும் ஓடுகிறதா என்று பார்க்க, கொத்தனார் அதன் குறுக்கே ஒரு காகிதச் சீட்டை ஒட்டித் தேதி எழுதினார். ஆட்டம் இருந்தால் சீட்டு கிழியுமாம். அப்பா படுத்தபடியே "கெட்டிக் காகிதம் வேணாம், கிழியாம ஏமாத்திடும். மெல்லிசா ஒட்டு" என்றார். மரக்கடையில் மரம் அறுத்த மனிதருக்குக் கொத்து வேலையும் தெரிந்திருக்கிறது.

நேராகக் கேட்கிறேன். அன்றைக்கு ரீப்பரை மாற்றினாயா இல்லையா?

அப்பா சொன்னது: "சீலிங் நல்லா இருக்குன்னு எழுது."

அக்கா

*

மார்ச் 20

தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். ஒரு மாதமாகப் பதில் இல்லை.

சீட்டு கிழிந்துவிட்டது.

நேற்று நானும் கொத்தனாரும் சேர்ந்து கட்டிலைத் தள்ள முயன்றோம். அப்பா கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் இங்கதான் இருப்பேன். என்னைக் கிளப்பிட்டு உடைச்சிடுவீங்க" என்றார். அம்மா போனபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. கட்டிலைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டோம்.

ஒரு வார்த்தை எழுதடா. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

என் மேல் கோபமாக இருப்பாய். தங்கும் அறையை மாற்றினேன், அதில் நாள் ஓடிவிட்டது. புது அறையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர் மூக்கில் இடிக்கிறது. அப்பாவுக்கு ஒரு கம்பளிப் போர்வை வாங்கித் தனியாக அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததும் எழுது.

சீலிங்கை நானே வந்து செய்கிறேன். மே பதினைந்துக்கு லீவு கேட்டிருக்கிறேன். அதுவரை வேறு யாரும் கை வைக்க வேண்டாம். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து மேலே ஒரு பலகையை வைக்கச் சொல், போதும். பரணில் யாரையும் ஏற்றாதே. அங்கே பலகை உளுத்திருக்கும், கால் உள்ளே போய்விடும்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

போர்வை வந்தது. வெயில் காலத்தில் கம்பளி வாங்கி அனுப்பிய புத்திசாலியை ஊரே பாராட்டுகிறது. அப்பா மட்டும் அதைக் காலடியில் மடித்து வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறார். அவர் உடம்பு அப்படியே இருக்கிறது. இருமல் மட்டும் புதிதாக வந்திருக்கிறது. உன்னுடையதை அனுப்பினாயோ?

முட்டு கொடுத்தாகிவிட்டது. நான்கு கட்டைக்கு நடுவில் அப்பா, பழுதுபார்க்க வந்த லாரி மாதிரி படுத்திருக்கிறார். பலகை தலைமாட்டுப் பக்கம் எட்டவில்லை, ஒன்றரை அடி குறைகிறது. "இதுக்கு மேல நீட்டினா சுவரை இடிக்கும்மா" என்கிறார் கொத்தனார். கட்டிலைக் கீழே இழுக்க அப்பா விடவில்லை. இரண்டாவது சீட்டு ஒன்பதே நாளில் கிழிந்தது. மூன்றாவது ஒட்டியிருக்கிறது.

கொத்தனார் இனி இந்த அறைக்குள் வர மாட்டாராம். "பாவம் எனக்கு வேணாம்மா" என்று சொல்லிவிட்டு வாசல் சுவருக்குத் தண்ணீர் அடிக்கப் போய்விட்டார். ரீப்பர் பற்றி நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை.

"அவன் வர்றான்ல, அது போதும்" என்கிறார் அப்பா. சீலிங் நன்றாக இருக்கிறதாம்.

அக்கா

*

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. போனில் சொல்லத் துணிவு வராமல்தான் எழுதுகிறேன்.

உடைத்துவிடு. இந்தக் கடிதம் கிடைத்ததும் முதலில் அப்பாவை அந்த அறையிலிருந்து தூக்கு. கத்தினாலும் அழுதாலும் தூக்கு.

நான் ரீப்பரை மாற்றவில்லை அக்கா. அப்பா மூன்று மாதம் உட்கார்ந்து அறுத்து இழைத்துக் கொடுத்தார். எனக்கு வேலைக்குக் கிளம்ப மூன்றே நாள் பாக்கி. நீங்கள் இரண்டு பேரும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தீர்கள். பழைய காரையை உதிர்த்துவிட்டுப் பார்த்தால் பழைய கட்டையெல்லாம் அரித்துக் கிடந்தது. அத்தனையையும் பிடுங்கிப் புதிது அடிக்க ஒரு வாரம் வேண்டும். நான் அதன் மேலேயே பூசிவிட்டேன். புதுக் கட்டைகளைக் கட்டாகக் கட்டிப் பரண் மூலையில் ஒளித்துவிட்டேன். நீங்கள் திரும்பி வந்தபோது அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார், ஞாபகம் இருக்கிறதா? "நூத்தி நாப்பதும் சரியா இருந்துச்சா?" என்று கேட்டார். சரியாக இருந்தது என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் சீலிங் நன்றாக இருக்கிறது என்று எழுதச் சொல்வார். அதைப் படிக்கும்போதெல்லாம் ஊருக்கு வர வேண்டும் என்ற எண்ணமே போய்விடும். பன்னிரண்டு வருஷம் இப்படியே போய்விட்டது.

இதை அப்பாவுக்கு வாசிப்பதா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.

தம்பி

*

மே 9

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் எழுதுகிறேன், நிதானமாகப் படி. ஏழாம் தேதி காலை பத்தரை மணிக்கு சீலிங் விழுந்தது. நான் அடுக்களையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். தோளில்தான் அடி. பேசுகிறார். பயப்பட ஒன்றுமில்லை. போட்டது போட்டபடி ஓடி வர வேண்டாம், பதினைந்தாம் தேதி வருவதாகத்தானே இருக்கிறாய்.

தூக்கிக்கொண்டு போகும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: "அவனுக்கு எழுதாத." எழுதிவிட்டேன், என்ன செய்ய.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜூன் 10

தம்பிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததாக ஒரு வரி போட்டிருக்கலாம்.

பதினைந்தாம் தேதி லீவு கிடைக்காமல் உன்னை வேறு ஊர் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாய். நம்புகிறேன். நான் போன் செய்த செய்தி உனக்குக் கிடைக்க இரண்டு நாள் ஆகி, நீ வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இருந்த இரண்டு நாளும் டீ வேண்டுமா என்பதைத் தவிர நாம் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. நடு அறையைப் பூட்டி வைத்திருந்தேன். நீ சாவி கேட்பாய் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

அதனால் பேச வேண்டியதை எழுதுகிறேன். தோளில்தான் அடி என்று எழுதினேனே, அது பொய். தலைமாட்டுப் பக்கம்தான் விழுந்தது. நீ அங்கே தனியாக இருந்து தவிப்பாயே என்று எழுதவில்லை. உண்மையை எழுதியிருந்தால் கிளம்பி வந்திருப்பாய், அவரும் பார்த்திருப்பார். அந்தப் பழி என்னுடையது.

உன் மே ஆறாம் தேதிக் கடிதம் பதினாலாம் தேதிதான் வந்தது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். அன்று அவருக்கு நினைவு தெளிவாக இருந்தது. "அவன் எழுதினானா? வாசி" என்றார். கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டேன். "புது ரீப்பர்தான் அடிச்சேன். மழைத் தண்ணி இறங்கி ஆணி துருப்பிடிச்சிருக்கும்னு எழுதியிருக்கான்ப்பா" என்றேன். என் முகத்தையே பார்த்தார். பிறகு "ஆமா, மழைதான்" என்றார். அதற்குப் பிறகு சீலிங்கைப் பற்றிப் பேசவில்லை. இருபத்திரண்டாம் தேதி போய்விட்டார்.

உன் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சாப்பிடுகிறாயா என்ற கவலையும் கூடவே இருக்கிறது, அதுதான் பெரிய தொல்லை.

அக்கா

*

ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு. கண்ணுக்கு மருந்து போடு.

வேலையை விடவில்லை. ஆனால் பலகை மாட்டி முடித்த அறைக்குக் கீழே என்னால் நிற்க முடியவில்லை. மேஸ்திரி பார்த்துவிட்டு ஒரு மாதிரி சிரிக்கிறார்.

நீ அந்தப் பக்கத்தை வாசிக்காமல் விட்டதற்குக் கைகூப்புகிறேன். நான் ஒழுங்காக வேலை செய்தேன் என்று நம்பியே அவர் போனார். அவருக்குத் தெரியாமலே போனது ஒன்றுதான் எனக்கு மிஞ்சிய ஆறுதல். அதைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறேன்.

ஒரு உதவி. பரண் பூட்டை உடைத்து, மூலையில் இருக்கும் அந்தக் கட்டைகளை எடுத்து எரித்துவிடு. கொத்தனார் கண்ணில்கூடப் பட வேண்டாம்.

தம்பி

*

ஆகஸ்ட் 12

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும்.

பூட்டை உடைக்க வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் தலையணை உறையைத் துவைக்க எடுத்தபோது, உன் கடிதங்களோடு பரண் சாவியும் இருந்தது. பரணில் ஏற வேண்டாமென்று நீயும் எழுதினாய், சாவி இல்லையென்று அவரும் சொன்னார். நான்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

போன மாதம் கொத்தனாரோடு தோட்டத்துப் பக்கத்துப் பரண் கதவுக்கு ஏணி வைத்து ஏறினேன். மூலையில் நூற்று நாற்பது கட்டை இல்லை. பன்னிரண்டுதான் இருந்தது. மீதி நூற்று இருபத்தெட்டும் சீலிங்கின் மேல், உளுத்த பழைய கட்டைகளுக்குக் குறுக்கே வரிசையாகப் படுத்திருந்தன. பழைய கட்டை ஒவ்வொன்றையும் கம்பியால் புதுக் கட்டையோடு கட்டி, புதுக் கட்டையை விட்டத்தோடு கட்டி முறுக்கியிருந்தார். நீ போட்ட சீலிங்கை அத்தனை வருஷமும் மேலிருந்து தூக்கிப் பிடித்தது அதுதான். கொத்தனார் ஒவ்வொரு முறுக்காக டார்ச் அடித்துப் பார்த்தார். "இதைக் கட்ட எத்தனை நாள் குப்புறப் படுத்துக் கிடந்தாரோ" என்றார்.

பழைய கட்டையிலிருந்து விட்டத்துக்கு மெல்லிய காகிதச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. தச்சுப் பென்சிலில் தேதி, அப்பா கையெழுத்து. பத்தொன்பது எண்ணினேன். நீ ரயில் ஏறியது ஜூன் நாலு. முதல் சீட்டில் ஜூலை பதினெட்டு. நாற்பத்து நாலு நாளில் அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நான் வேலைக்குப் போன நேரங்களில் ஏறியிருக்கிறார். கடைசிச் சீட்டு அக்டோபர் ஒன்பது. அவர் தோட்டத்தில் விழுந்த நாள் அது. அன்று சாயங்காலம் ஏணி பின்சுவரில் சாய்ந்திருந்தது. யார் இதை எடுத்தது என்று திட்டிக்கொண்டே நான்தான் உள்ளே வைத்தேன்.

தலைமாட்டுப் பக்கத்து வரிசை மட்டும் கட்டி முடியவில்லை. அந்தப் பன்னிரண்டு கட்டை அதற்காக வைத்ததுதான். பக்கத்து வரிசைக் கடைசிக் கம்பியில் குறடு கவ்வியபடியே நின்றது, இன்னும் இரண்டு முறுக்கு பாக்கி. கம்பி தீர்ந்து எடுத்து வர இறங்கியிருப்பார். அப்போதும் பரணைப் பூட்டிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார்.

எவனும் கரண்டி வைக்கக் கூடாது என்று அவர் அடம் பிடித்தது உன் வேலையை நம்பி அல்ல. உடைத்தால் உள்ளே இருப்பதை நான் பார்த்துவிடுவேன், கொத்தனார் பார்த்துவிடுவார், உன் பெயர் கெட்டுப்போகும். அதற்காகத்தான் அதன் கீழே படுத்திருந்தார்.

இதை உனக்கு எழுதலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். உன்னிடம் மிஞ்சியிருக்கும் ஒரே ஆறுதலைப் பிடுங்குகிறேன் என்று தெரியும். அப்பா இருந்தால் எழுதாதே என்றுதான் சொல்வார். நான் அப்பா இல்லை.

கட்டைகளை எரிக்கவில்லை. நடு அறைக்குப் புது சீலிங் போட்டாகிவிட்டது, அந்த நூற்று நாற்பதையும் அடித்துத்தான். ஒன்றுகூட உளுக்கவில்லை. குறடு தனியாகப் பார்சலில் வருகிறது. நீயும் கம்பி முறுக்குகிறவன்தானே, வைத்துக்கொள்.

பூச்சு காய்ந்துவிட்டது. இன்று காலையில் கம்பால் ஓரத்திலிருந்து ஓரம்வரை தட்டிப் பார்த்தேன். எங்கும் காலியாகக் கேட்கவில்லை. சீலிங் நன்றாக இருக்கிறது என்று உனக்கு எழுதச் சொல்லத்தான் கீழே ஆளில்லை.

அக்கா